பட்டாணி முடிஞ்சதும்

உட்காருங்க தம்பி. எந்திரிச்சுப் போயிப் பாக்கறதுல ஒரு பிரயோசனமும் இல்ல. நான் இதுவரைக்கும் அஞ்சு தடவை போயிப் பாத்துட்டு வந்துட்டேன். தண்ணி எறங்கல. ஓடைக்கு நடுவுல அந்த வெள்ளைக் கல்லு தெரியுது பாருங்க, நம்ம பஸ் வந்து நின்னப்ப அது பாதி வெளியில இருந்துச்சு. இப்ப மண்டை மட்டும்தான் தெரியுது. மணி பன்னண்டே கால்.

நீங்க தமிழ்னு எப்படிக் கண்டுபுடிச்சேன்னு பாக்கறீங்களா? மணாலியில ஏறினப்பவே உங்க போனைப் பாத்துட்டேன். தமிழ் எழுத்து. அப்பவே வந்து பேசியிருப்பேன், நீங்க தூங்கிட்டீங்க. ஆறு நாளா லாட்ஜ்ல ஒத்தையா கெடந்து வாயைத் தெறந்து தமிழ் பேசல. எனக்குத் தெரிஞ்ச இந்தி ஒண்ணே ஒண்ணு. மணி என்னன்னு கேக்கற இந்தி. என் கையில வாட்ச் இருக்கு, இருந்தாலும் கேப்பேன். அடுத்தவன் வாட்ச் சரியா ஓடுதான்னு பாக்கணும்ல.

நான் தர்மலிங்கம். துறையூர். பஸ் டெப்போவுல டைம் கீப்பர், முப்பத்தி நாலு வருஷம். போன சித்திரையில ரிட்டயர்டு ஆனேன். டைம் கீப்பர்னா தெரியும்ல? பஸ் ஸ்டாண்டுல கூண்டுக்குள்ள உட்கார்ந்து, வண்டி வர்ற நேரம் போற நேரம் எழுதி, விசில் குடுத்து அனுப்பறவன். கண்டக்டர் டீ குடிச்சுக்கிட்டு நிப்பான், டிரைவர் வெத்தலை வாங்கப் போயிருப்பான், எல்லாத்தையும் நான்தான் துரத்தணும்.

இந்த மலையில எனக்குப் புடிச்ச ஒரே ஆள் இந்த ஓடைதான் தம்பி. நெசமாத்தான் சொல்றேன். மேல பனி உருகி வர்ற தண்ணி. காலையில பத்து மணிக்குள்ள வந்தா முழங்கால் அளவுதான், வண்டி சும்மா தாண்டிடும். பதினொண்ணுக்கு மேல பைத்தியம் புடிச்சு ஆடும், லாரியவே உருட்டும். சாயங்காலம் மறுபடி அடங்கிடும். நாள் தவறாம இதே கதை. டைம் கீப் பண்ணுது. நம்ம பஸ்ஸும் பத்துக்கு முன்னாடி வந்திருக்கும், நடுவுல அந்த ஆட்டு மந்தை வந்து கெடுத்துச்சு. ரோடு பூரா ஆடு. மேய்க்கிறவன் விசிலடிக்கறான், ஒரு ஆடும் கேக்கல. பொறுக்க மாட்டாம நானே எறங்கி விசிலடிச்சேன், பாத்தீங்கல்ல. என் விசிலையும் கேக்கல.

நீங்க கடைசி ஸ்டாப்பு, காசா ஊர் வரைக்கும் போறீங்களா? போட்டோ எடுக்கவா? நல்லது. நான் அதுக்கு முன்னாடியே எறங்கிடுவேன். ஊர் பேரா? அது வாயில நுழையற பேரில்ல. லோசர் தாண்டி எட்டாவது கிலோமீட்டர்னு வெச்சுக்கிட்டேன். கண்டக்டர்கிட்டயும் லோசர்னு சொல்லிட்டு எட்டு விரலைக் காட்டினேன், புரிஞ்சுக்கிட்டான். மங்கை மட்டும் அந்தப் பேரை அந்த ஊர்க்காரங்க மாதிரியே சொல்லுவா. மங்கைன்னா என் வீட்டுக்காரி. மங்கையர்க்கரசி. அவ அங்கதான் இருக்கா. அவளைக் கூட்டிட்டு வரத்தான் போறேன்.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அப்படிப் பாக்காதீங்க. அவளுக்கு மூச்சுக் காத்து கம்மியாப் போயி புத்தி கொஞ்சம் தடுமாறிடுச்சு, அவ்வளவுதான். பதிமூணாயிரம் அடியில அப்படி ஆகுமாம். எரிச்சல், தூக்கமில்லாம இருக்கறது, குழப்பம், ஒரு எடத்துல நிலையா இருக்க முடியாதது, எல்லாம் வரும்னு எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுத்த பேப்பர்ல போட்டிருக்கு. இந்தா, பையிலயே வெச்சிருக்கேன். மங்கையே சொல்லித்தான் என்னை அனுப்பினா, போயிட்டு வாங்கன்னு. போயிட்டு வாங்கன்னா என்ன அர்த்தம்? திரும்பி வாங்கன்னுதான? அதான் வந்துட்டேன்.

எம் பொண்ணு தேன்மொழி, பெங்களூர்ல வேலை பாக்கறா. அவதான் இந்த டூர் ஏற்பாடு. 'அப்பா, ரிட்டயர்டு ஆயிட்டீங்க, அம்மாவை எங்கயாவது குளுகுளுன்னு கூட்டிட்டுப் போங்க'ன்னா. ஆடி மாசம் துறையூர்ல புழுதிக் காத்து, சரின்னு கிளம்பினோம். அவ நாலு ஊர்தான் போட்டிருந்தா. நான் உட்கார்ந்து ஒன்பது ஊரா மாத்தினேன். பதினோரு நாள், ஒன்பது ஊர், நிமிஷக் கணக்கா எழுதி லேமினேட் பண்ணிக் கழுத்துல மாட்டிக்கிட்டேன். அவ்வளவு தூரம் வந்துட்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

நான் அவளைக் கூட்டிட்டுப் போகாத எடம் கெடையாது. அதை யாரும் சொல்ல முடியாது. காசியை ஒன்றரை நாள்ல முடிச்சேன். ராமேஸ்வரத்துல இருபத்திரண்டு தீர்த்தமும் ஐம்பத்தஞ்சு நிமிஷம். தாஜ்மகால் நாப்பது நிமிஷம், அதுல செருப்பு வெச்சு எடுத்ததே பத்து நிமிஷம் ஆயிடுச்சு. தேன்மொழி ஒரு தடவை அவகிட்ட 'தாஜ்மகால் எப்படிம்மா இருந்துச்சு'ன்னு கேட்டா. மங்கை என்ன சொன்னா தெரியுமா? 'எல்லா எடத்துலயும் நான் பாத்தது உங்கப்பா முதுகைத்தான்'னா. எல்லாரும் சிரிச்சோம். அவளுக்கு நல்லா நையாண்டி வரும்.

நேரம்னா எனக்கு நேரம்தான் தம்பி. ஆளு யாருன்னு பாக்க மாட்டேன். ஒண்ணு சொல்றேன் கேளுங்க, எங்க டெப்போவுல இன்னிக்கும் இதைப் பேசுவாங்க. தேன்மொழி அப்ப கைக்குழந்தை. மங்கையோட அப்பாவுக்கு ஒடம்பு முடியலன்னு ஆள் வந்து சொல்லி, இவ புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வரா. பெரம்பலூர் வண்டி, ஒன்பது இருபது. நான் கூண்டுக்குள்ள இருந்து பாக்கறேன். இவ பெட்டிக்கடைகிட்ட வந்துட்டா, இன்னும் இருபது முப்பது அடிதான். கையைத் தூக்கறா. மணி ஒன்பது இருபது. விசிலை அடிச்சுட்டேன். வண்டி போயிடுச்சு. சொந்தப் பொண்டாட்டிக்காக ஒரு நிமிஷம் நிறுத்தலயே இந்த ஆளுன்னு டெப்போ பூரா ஆச்சரியப்பட்டுச்சு.

அவளா? கூண்டுக்கு முன்னாடி பெஞ்சுல உட்கார்ந்திருந்துட்டு பத்து அஞ்சு வண்டியில போனா. போறதுக்குள்ள பெரியவர்... சரி விடுங்க, அது நடக்க வேண்டியது. முக்கால் மணி நேரத்துல என்ன ஆயிடப் போவுது.

இருங்க, கல்லைப் பாத்துட்டு வந்துடறேன்.

தெரியல. மண்டையும் முங்கிடுச்சு. டிரைவரைக் கேட்டா கையை இப்படி ஆட்டறான். சாயங்காலம்னு சொல்றானா நாளைக்குன்னு சொல்றானா ஒண்ணும் புரியல. அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நிக்குது பாத்தீங்களா? மேல மூட்டை. அது பட்டாணி. மேல இருந்து பூரா பட்டாணி வண்டிதான் எறங்கும் இப்ப.

எங்க விட்டேன்? ஆங், அந்த ஊர். ஒரு மரம் கெடையாது தம்பி. சுத்தி மொட்டை மலை. செவப்பு, மஞ்சள், சாம்பல். வெயில்ல நின்னா சுடுது, நிழலுக்கு வந்தா நடுங்குது. கீழ ஆத்தோரமா மட்டும் கைக்குட்டை விரிச்ச மாதிரி துண்டு துண்டாப் பச்சை. அது பட்டாணி வயல். அவ்வளவுதான் ஊர். பாக்கறதுக்கு என்ன இருக்கு? என் கணக்குப்படி அரை நாள் போதும். பொண்ணு அங்க மூணு ராத்திரி தங்கணும்னு போட்டுட்டா, ஒடம்புக்குப் பழகணுமாம். அதை மட்டும் என்னால மாத்த முடியல.

தங்கின வீட்டுக்காரம்மா பேரு யாங்சென். மங்கை வயசுதான் இருக்கும். நல்ல மாதிரி. அவங்களுக்கு நம்ம பாஷை ஒரு எழுத்து தெரியாது, மங்கைக்கு அவங்க பாஷை ஒரு எழுத்து தெரியாது. போன அன்னிக்கே ரெண்டு பேரும் அடுப்புக்கிட்ட உட்கார்ந்துக்கிட்டாங்க. அந்தம்மா உப்புப் போட்ட டீ ஒண்ணு குடுத்தாங்க, வெண்ணெய் மெதக்குது. நான் ஒரு வாய் குடிச்சுட்டு வெச்சுட்டேன். மங்கை கிண்ணத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கடைசி சொட்டு வரைக்கும் உட்கார்ந்து குடிச்சா. எவ்வளவு நேரம்ங்கறீங்க? பதினெட்டு நிமிஷம். வீட்டுல அவ உட்கார்ந்து காப்பி குடிச்சு நான் பாத்ததே இல்ல. நின்னுக்கிட்டுத்தான் குடிப்பா. அவளுக்கு அதான் பழக்கம்.

அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பொண்ணு குடுத்து விட்ட மிஷின் ஒண்ணு இருக்கு, விரல்ல மாட்டினா ரத்தத்துல காத்து எவ்வளவுன்னு காட்டும். மங்கைக்கு மாட்டினேன். தொண்ணூத்தி மூணு. எனக்கு மாட்டினேன். எழுபத்தி ஒன்பது. மறுபடி மாட்டினேன், அதேதான். மிஷின் ரிப்பேர். நான் அங்க தூக்கமே இல்லாம நடந்துக்கிட்டே இருக்கேன், அவ்வளவு சுறுசுறுப்பு. அவ என்னடான்னா கட்டை மாதிரி தூங்கறா. யாருக்குக் காத்து கம்மின்னு இதுல தெரியலயா?

மறுநாள் காலையில மலை மேல ஒரு மடம், அதுக்குப் போகணும். எட்டு பத்துக்குக் கிளம்பணும். இவகிட்ட 'கிளம்பு'ன்னேன். 'நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்'னா. இத்தனை வருஷத்துல இவ அப்படிச் சொன்னதே கெடையாது. கால் வலியா இருக்கும்னு நினைச்சு நானும் விட்டுட்டேன். அதான் தப்பு. போயிட்டு, பாத்துட்டு, பன்னண்டு மணிக்குத் திரும்பி வந்தேன். வீட்டுல ஆளைக் காணோம். எங்க பாத்தாலும் காணோம். கடைசியில பாத்தா கீழ வயல்ல நிக்கறா. தலையில துண்டு, காலுல அந்தம்மாவோட ரப்பர் பூட்ஸு, இவளுக்கு அது தொளதொளன்னு இருக்கு, நாலு பொம்பளைங்களோட பட்டாணி பறிச்சுக்கிட்டு இருக்கா.

அவங்க ஊர்ல அது அறுவடை நேரம். அவசரம் அவசரமா பறிப்பாங்க, முத்திப் போச்சுன்னா வெலை போகாது. ஆளு பத்தல போலிருக்கு. யாரும் இவளைக் கூப்பிடல. இவளாப் போயி எறங்கியிருக்கா. சரி, நானும் கூடமாட ஒத்தாசை பண்ணுவோம்னு எறங்கினேன். செடியை ஒரு கையால புடிச்சுக்கிட்டு மறு கையால காயைத் திருகணும். நான் வேகமா இழுத்தேன். செடியே வேரோட வந்துடுச்சு. அடுத்ததும் வந்துடுச்சு. நாலு செடி ஆனதும் யாங்சென் அம்மா சிரிச்சுக்கிட்டே என் கையில இருந்த கூடையை வாங்கிட்டு, மரியாதையா கூட்டிட்டுப் போயி வெயில் படற கல்லு ஒண்ணு மேல உட்கார வெச்சுட்டாங்க. மங்கையும் சிரிச்சா. அந்தப் பொம்பளைங்க என்னத்தையோ சொல்றாங்க, எல்லாரும் சிரிக்கறாங்க, இவளும் சிரிக்கறா. என்ன புரிஞ்சுது இவளுக்கு? கேட்டேன். 'ஒண்ணும் புரியல, அதான் நல்லா இருக்கு'ன்னா. குழப்பம்னு பேப்பர்ல போட்டிருக்கே, அது இதுதான்.

மூணாவது நாளும் வயல்தான். நான் அந்தக் கல்லு மேல உட்கார்ந்து, எந்திரிச்சு, ரோடு வரைக்கும் போயி, திரும்பி வந்து, மறுபடி உட்கார்ந்து. ஒரு நாள்ல இருபத்தாறு தடவை ரோட்டுக்குப் போனேன். அன்னிக்கு வந்த வண்டி மொத்தம் ஏழு. எல்லாத்துக்கும் நேரம் எழுதி வெச்சிருக்கேன், வேணும்னா பாருங்க.

நாலாம் நாள் காலையில கிளம்பணும். அந்தம்மாவோட தம்பி நோர்பு, பட்டாணி ஏத்திக்கிட்டு மணாலிக்கு எறங்கற வண்டி. முன்னாடி எங்க ரெண்டு பேருக்கும் எடம் வெச்சிருந்தார். இந்த ஓடையை பத்துக்குள்ள தாண்டணும், அதனால ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடணும். நான் அஞ்சுக்கே ரெடி. பெட்டியெல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. மங்கை வாசல்ல உட்கார்ந்து அந்த டீயைக் குடிச்சுக்கிட்டு இருக்கா.

"கிளம்பு. மணி ஆறு."

"நான் இப்ப வரலீங்க. பட்டாணி முடிஞ்சதும் வரேன்."

நான் தமாஷுன்னு நினைச்சேன். "பட்டாணி எப்ப முடியும்?"

"தெரியல."

"தேதி சொல்லு. இன்ன தேதின்னு சொல்லு."

"முடியறப்ப முடியும்ங்க."

குரல்ல ஒரு கோவம் இல்ல, அழுகை இல்ல. அதான் எனக்குப் பயமாப் போச்சு. கோவம்னா நான் சமாளிச்சுடுவேன். தேதி தெரியலங்கறா, அதுக்காக ஒரு வருத்தமும் இல்ல. நான் ஆன மட்டும் சொன்னேன். பேப்பரைப் படிச்சுக் காட்டினேன். மறுபடி மிஷினை மாட்டினேன், தொண்ணூத்தி நாலுன்னு பொய் சொல்லுது. ஒன்பது ஊர்ல இன்னும் அஞ்சு ஊர் பாக்கி இருக்குன்னேன். 'நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க'ன்னா. நோர்பு ஹாரன் அடிக்கறார். ஆறு பன்னண்டு ஆயிடுச்சு.

நான் கிளம்பினா பின்னாலயே ஓடி வருவான்னுதான் நினைச்சேன். எப்பவும் அப்படித்தான வருவா. அந்த வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு வாய்க்கா, பாறையில விழுந்து பெருஞ்சத்தமா ஓடும். மேல ஒரு பலகை. நான் பலகையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டேன். அவ அந்தக் கரையில நிக்கறா, கையில கூடை. அப்ப நான்... எனக்கு ஆத்திரம் தம்பி. நான் சொல்லிட்டேன். "அப்ப நான் போறேன்"னு கத்திட்டேன்.

நீங்க நம்ம ஊர் ஆளு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒரு எடத்தை விட்டுக் கிளம்பறப்ப யாராவது போறேன்னு சொல்லுவாங்களா? போயிட்டு வரேன்னுதான சொல்லணும். மங்கை இதுல ரொம்பக் கறார். பால்காரர் வாய் தவறி 'போறேம்மா'ன்னு சொல்லிட்டா, தெருமுனை வரைக்கும் போனவரைத் திருப்பிக் கூப்பிட்டு ஒழுங்காச் சொல்ல வெப்பா. எனக்கு காலை டூட்டி. நான் சட்டையை மாட்டிக்கிட்டே வாசப்படி எறங்குவேன், வெறுமன 'வரேன்'னுதான் சொல்லுவேன். சில நாள் அதுவும் கெடையாது. அவ வாசல்ல நின்னுக்கிட்டு 'முழுசாச் சொல்லிட்டுப் போங்க, முழுசாச் சொல்லிட்டுப் போங்க'ன்னுவா. யாருக்கு நேரம் இருக்கு? சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.

அப்படிப்பட்டவ, நான் போறேன்னு கத்தறேன், திருத்தல. 'ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க'ன்னு ஓடி வரல. நின்ன எடத்துலயே நின்னு ஒரு வார்த்தை சொன்னா.

மணாலிக்கு வந்து ஆறு நாள் இருந்தேன். மேல இருந்து எறங்கற ஒவ்வொரு வண்டியையும் பஸ் ஸ்டாண்டுல நின்னு பாத்தேன். அந்த அஞ்சு ஊருக்கும் நான் போகல. தேன்மொழிக்குப் போன் போட்டேன். அவகிட்ட மங்கை லோசர் வந்து போன் பேசியிருக்கா. என்கிட்ட பேசல, பொண்ணுகிட்ட பேசியிருக்கா. 'அம்மா நல்லா இருக்காங்கப்பா, குரலே வேற மாதிரி இருக்கு, நீங்க ஊருக்குப் போங்க, அவங்க வருவாங்க'ங்கறா. குரலே வேற மாதிரி இருக்குன்னா ஒடம்பு சரியில்லன்னுதான அர்த்தம்? ரெண்டு பேரும் என்கிட்ட எதையோ மறைக்கறாங்க.

இந்தப் பையா? நீங்க அப்ப இருந்தே மூக்கைச் சுளிக்கறீங்க, ரப்பர் வாசம். பூட்ஸு. தண்ணியில எறங்கறதுக்குப் போடறது. திரும்பி வர்றப்ப இந்த மாதிரி ஓடையில நடக்க வேண்டி வந்தா அவளுக்கு வேணும்ல, அதுக்குத்தான் வாங்கினேன். அவ அங்க போட்டுக்கிட்டு இருக்கறது அந்தம்மாவோடது, சேத்துல காலை வெச்சா பூட்ஸு நின்னுக்கும், கால் மட்டும் வெளியில வரும். மூணு ஜோடி ஏன்னா... கடைக்காரன் சைஸ் கேட்டான். அஞ்சா, ஆறா, ஏழான்னு விரலைக் காட்டிக் கேட்டான். எனக்குத் தெரியல தம்பி. முப்பத்தோரு வருஷம் பின்னாலயே நடந்து வந்தா, நான் திரும்பி அவ காலைப் பாக்கல போலிருக்கு. கடையில ரொம்ப நேரம் நின்னேன். அப்புறம் மூணையும் வாங்கிட்டேன்.

என்ன கேட்டீங்க? அவ சொன்ன அந்த ஒரு வார்த்தையா? அதான் சொன்னேனே. போயிட்டு வாங்கன்னு சொன்னா.

அதாவது, அப்படித்தான் சொல்லியிருப்பா. வேற என்ன சொல்லுவா? தண்ணிச் சத்தம் தம்பி. வாய்க்கா அவ்வளவு சத்தம். எனக்குக் கேட்டது 'போ' மட்டும்தான். மிச்சம் தண்ணியில போயிடுச்சு. போயிட்டு வாங்கன்னாலும் 'போ'தான் முதல்ல வரும். போங்கன்னாலும் 'போ'தான் வரும். ஆறு நாளா அதையே காதுல ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு நேரம் அப்படிக் கேக்குது, ஒரு நேரம் இப்படிக் கேக்குது.

தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. சிரிக்கக் கூடாது. அந்த மேட்டுல, தண்ணிகிட்டப் போயி நில்லுங்க. இருபது அடி இருக்கும், அன்னிக்கும் அவ்வளவு தூரம்தான். என்னைப் பாத்து நில்லுங்க. ரெண்டையும் சொல்லுங்க. ஒரு தடவை போயிட்டு வாங்க, ஒரு தடவை போங்க. எதை முதல்ல சொல்லப் போறீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. ரொம்பக் கத்தாதீங்க, அவ கத்த மாட்டா. சாதாரணமாச் சொல்லுங்க.

ம். சொல்லுங்க.

ம். அடுத்தது.

இன்னொரு தடவை, ரெண்டையும், அதே வரிசையில. ம்.

வாங்க, பாத்து வாங்க, ஈரத்துல வழுக்கும். கேக்கல தம்பி. ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. 'போ' மட்டும், அதுக்கு மேல தண்ணிதான். ஆனா நான் உங்க வாயைப் பாத்துக்கிட்டு இருந்தேன். வாட்சையும் பாத்துக்கிட்டு இருந்தேன், பழக்கம். முதல்ல நீங்க சொன்னது போயிட்டு வாங்க. சரியா? ரெண்டாவது போங்க. எப்படின்னா, முதல்லது ஒரு செகண்டுக்கு மேல போச்சு. வாய் தெறந்து, மூடி, மறுபடி தெறக்குது. ரெண்டாவது அரை செகண்டு. தெறந்துச்சு, முடிஞ்சுடுச்சு.

அன்னிக்கு மங்கை வாய் சட்டுனு மூடிடுச்சு.

நான் வண்டியில ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தறதுக்குள்ள அவ திரும்பி வயலைப் பாத்து நடந்துட்டா. அதை உங்ககிட்ட சொல்லல இல்ல? அவ முதுகு தெரிஞ்சுது. அவ நடக்கறதைப் பின்னால இருந்து அன்னிக்குத்தான் பாக்கறேன். அந்தத் தொளதொள பூட்ஸைப் போட்டுக்கிட்டு, அவசரமே இல்லாம, ஒவ்வொரு காலாத் தூக்கி வெச்சுப் போறா. நோர்பு வண்டியை எடுத்துட்டார். ஆறு பதினஞ்சு.

போங்கன்னுதான் சொல்லியிருக்கா. எனக்கு அப்பவே தெரியும் தம்பி.

இந்தாங்க, இந்த வாட்சைப் புடிங்க. அந்த மெல்லிசு முள்ளைப் பாருங்க, செகண்டு முள்ளு. உங்க போன்லயே பாப்பீங்களா, சரி, அது இன்னும் துல்லியம். நான் இப்ப சொல்றேன், எவ்வளவு ஆகுதுன்னு பாருங்க. போறேன். எவ்வளவு? அரை செகண்டா. சரி. இப்ப பாருங்க. போயிட்டு வரேன். எவ்வளவு? நல்லாப் பாத்தீங்களா? மறுபடி சொல்றேன், நிதானமாவே சொல்றேன். போயிட்டு வரேன்.

ஒண்ணே காலா? ஒண்ணே கால்தானா?

அப்ப முக்கால் செகண்டு. கூட முக்கால் செகண்டு ஆகுது. அதுக்குத்தான் தினம் வாசல்ல நின்னா. நான் என்னமோ பெரிய நேரம்னு நினைச்சு சைக்கிளை எடுத்துக்கிட்டு ஓடினேன்.

இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. இந்தக் காத்துல கண்ணுல தண்ணி வரும், எல்லாருக்கும் வரும். உயரம்.

அவளைக் கூட்டிட்டு வரப் போறேன்னு சொன்னேன்ல, அது இருக்கட்டும். பட்டாணி முடிஞ்சதும் அவ வருவா, வராமப் போவா, அது அவ பாடு. நான் போயி இந்த மூணு ஜோடியையும் வெச்சு, எது காலுக்குச் சரியா இருக்குன்னு பாத்துட்டு, வாசல்ல நின்னு முழுசாச் சொல்லிட்டு, அடுத்த வண்டியில எறங்கிடுவேன். அந்த ஒரு வார்த்தையை மாத்திச் சொல்லணும், வேற வேலை இல்ல எனக்கு அங்க.

வாட்சா? உங்ககிட்டயே இருக்கட்டும், தண்ணி எறங்கற வரைக்கும். என் கையில இருந்தா பாத்துக்கிட்டே இருப்பேன். அப்புறம் தம்பி, அந்த போன்ல மேப் இருக்குல்ல? லோசருக்கு அந்தப் பக்கம், எட்டாவது கிலோமீட்டர், ஆத்துக்கு வலது கை. அந்த ஊர் பேரு என்னன்னு பாத்துச் சொல்லுங்களேன். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க, நான் கூடவே சொல்லிப் பாத்துக்கறேன்.